பழசு வாங்கத் தெரிந்த அக்கா

முதன்முதலில் நான் அவரைக் கண்டபோது, ஒரு சுடுதண்ணிப் போத்தலைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் போத்தலை நான் வாங்க இருந்தேன். விலை பேசி முடித்து, காசெடுக்கக் கையைப் பைக்குள் விட்ட நேரம், பக்கத்தில் நின்ற மனுசி கேளாமலே அதை எடுத்து மூடியைக் கழற்றிக் காதோடு வைத்தார். பிறகு மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"நீங்கள் மரத்தடிப் பள்ளிக்கூடத்து ரீச்சரெல்லே? உதை வாங்காதையுங்கோ. உள்ளுக்கை கண்ணாடி வெடிச்சிட்டுது."

விற்க வந்தவர் வயதானவர். கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த சாமான்களைத் தர்மபுரம் சந்திக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் கீழே சாக்கு விரித்துப் பரப்பியிருந்தார். "வெளிக்கிடேக்கை நல்லாத்தான் இருந்தது பிள்ளை," என்றார். பொய் சொன்னதாகத் தெரியவில்லை.

பத்தடி தள்ளிப் போனதும் அந்த மனுசி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்பத் திரும்பிப் போய்க் கேளுங்கோ. கால்வாசி விலைக்குத் தருவார். வெளித்தகரம் நல்லது. சீனி போட்டு வைக்கலாம், எறும்பு போகாது."

போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே தந்தார். சீனி கிடைத்த நாட்களிலெல்லாம் நான்கு வருடம் அந்தப் போத்தலில்தான் வைத்திருந்தோம். எறும்பு போகவில்லை.

அவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு ஊரைவிட்டு வந்து தர்மபுரத்தில் குடியேறியவர். கணவர் ஒரு நாள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்று பெண்பிள்ளைகள். தென்னோலையில் கிடுகு பின்னி விற்று அவர்களை வளர்த்தார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டுக் கிளிநொச்சியில் பத்து மாதம் இருந்து, தொண்ணூற்றாறில் அங்கிருந்தும் எழும்பி, அவருடைய கொட்டிலுக்கு அடுத்த காணியில் கொட்டில் போட்டோம். நடுவில் ஒரு வேலி. அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால்தான் எங்கள் சிநேகிதம் நடந்தது.

அந்த நாட்களில் புதுத் துணி என்பது வவுனியாவைத் தாண்டி வந்தால்தான் உண்டு. வருவதும் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும். எனக்குச் சம்பளமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. ஆகவே சந்தியடியில் சாக்கு விரித்தவர்களிடம்தான் உடுப்பும் பானையும் லாம்பும் எல்லாம். இடம்பெயர்ந்து வந்த சனம் கொண்டுவந்ததை விற்றது. முன்னமே இடம்பெயர்ந்து வந்த சனம் அதை வாங்கியது.

அந்தச் சாக்குகளைப் பார்த்தே விற்பவரின் நிலைமையை அக்கா சொல்லிவிடுவார். "கண்ணாடிக் கோப்பையும் சுவர்மணிக்கூடும் விக்கிறவையிட்டை மினக்கெட்டுப் பேரம் பேசவேணும் ரீச்சர். அவைக்கு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். தோசைக்கல்லு விக்க வந்திட்டினமெண்டால் பேரம் தேவையில்லை. நீங்கள் சொன்னதுக்குத் தருவினம்."

துணியை எடுத்தால் முதலில் வெயிலுக்கு நேரே பிடிப்பார். நெசவு எங்கே மெலிந்திருக்கிறது என்று அப்போது தெரியும். பிறகு கக்கத்துத் தையலை இரண்டு பக்கமும் இழுப்பார். பிறகு மணப்பார். பெட்டிக்குள் கிடந்த துணியின் மணமும் கொடியில் கிடந்த துணியின் மணமும் வேறென்பார். சேலையென்றால் முந்தானையைப் பார்க்க மாட்டார், இடுப்பில் கொய்யகம் செருகுகிற இடத்தைத்தான் பார்ப்பார். அலுமினியப் பானையை வெளிச்சத்துக்குக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே தலையை விடுவார். கோப்பையை நகத்தால் தட்டுவார். எதைப் பார்த்தாலும் கடைசியில் ஒரு காலக்கணக்குச் சொல்லுவார். "இதுக்கு ரெண்டு வருசச் சீவன் கிடக்கு." "இது மாரியோடை முடிஞ்சிடும்." அவர் சொன்ன கணக்குப் பிழைத்து நான் கண்டதில்லை.

விருப்பமான சாமானை முதலில் தொடவே மாட்டார். வேறு ஏதாவதை எடுத்து விலை கேட்டு, கூட என்று வைத்துவிட்டு, போகிற போக்கில் வேண்டியதைக் காலால் காட்டுவார். காலையில் போனால் தெரிவு நல்லது, பதினொரு மணிக்குப் போனால் விலை நல்லது என்பார். அந்த வெயிலில், சாமானைத் திரும்பவும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக ஒருவருக்கும் மனம் வராது.

ஒரு முறை மாதா கோயிலில் வெளிநாட்டுப் பழைய உடுப்புப் பொதிகள் பிரித்தார்கள். கோயில் முன்னால் எல்லோரும் சட்டைக்கும் காற்சட்டைக்கும் அடிபட, அக்கா மூலையில் ஒருவரும் தீண்டாமல் கிடந்த கம்பளிக் கோட்டுகளை அள்ளினார். பனி கொட்டுகிற நாட்டுக் கோட்டுகள். முழங்காலுக்குக் கீழே நீளம். சித்திரை வெயிலில் ஏழு கோட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு அவர் நடந்துவர, வழியில் நின்ற சனம் சிரித்தது.

"என்ன அக்கா, லண்டன் போகப் போறியளோ?"

"ஓம், நீங்களும் வாறதெண்டால் சொல்லுங்கோ. ஒண்டு மிச்சம் கிடக்கு," என்றார்.

ஒரு கிழமைக்குள் அந்த ஏழு கோட்டுகளும் பிரிந்துவிட்டன. சட்டை பூட்டுகிற தெறிகளும், இழுத்துப் பூட்டுகிற சிப்புகளும் ஒரு தகரப்பேணி நிறைய வந்தன. அப்போது தெறியும் நூலும்கூடத் தட்டுப்பாடு. உள்ளே வைத்துத் தைத்திருந்த வழுக்குத் துணியில் மூன்று பிள்ளைகளுக்கும் உள்பாவாடை. கம்பளித் துணியில் பள்ளிக்கூடப் பை, அடுப்பில் பானை இறக்குகிற பிடிதுணி, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மாரிக்குப் போர்வை. சிரித்தவர்கள் பொட்டால் நுழைந்து தெறி கேட்டு வந்தார்கள். நானும் போனேன். அந்த அக்காவைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அவரோடு சந்திக்குப் போவதென்றால் பிள்ளைகளைப்போல் வெளிக்கிட்டு நிற்பேன்.

ஆனால் அதே அக்காதான் அந்த வெள்ளைச் சட்டையையும் வாங்கினார்.

பெண்பிள்ளை போடுகிற பள்ளிக்கூடச் சட்டை அது. விற்க வந்தவருக்கு முப்பது வயதுகூட இராது. சாக்கும் விரிக்கவில்லை. சட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு மதகில் இருந்தார். அக்கா அதை வாங்கி, கீழ்மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு தரம் அவிட்டு இறக்கியிருக்கு. இனி இறக்க மடிப்பில்லை. ஒரு வருசத்துக்கு மேலை உதவாது."

"போன மாதம்தான் கடைசியா அவிட்டு இறக்கினனான். கிடுகிடெண்டு வளந்துபோனா..." என்று அந்தப் பெண் தொடங்கினார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அக்கா சட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மடிப்பில்லாத காரணத்தைச் சொல்லி விலையைக் குறைத்தார். அந்தப் பெண் எதற்கும் தலையாட்டினார். அக்கா அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பிள்ளை செத்துப்போச்சுது அக்கா."

"ஓம். தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே விலையைக் குறைச்சனீங்கள்?"

அவர் நின்றார். கோபப்படவில்லை. "நான் கூடக் குடுத்தால் அது எழும்பி வருமே ரீச்சர்? என்ரை கடைக்குட்டிக்கு வெள்ளைச் சட்டை இல்லை. இல்லாமல் வந்தால் நீங்களே மரத்துக்கு வெளியாலை விட்டிடுவியள். சாமான் வாங்கப் போனால் சாமானைப் பாக்கவேணும். முகத்தைப் பாத்தால் ஒண்டும் வாங்கேலாது. ஒருத்தரும் ஒண்டும் வாங்கேலாது."

அடுத்த கிழமை கடைக்குட்டி அந்தச் சட்டையோடு என் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தாள். ஒரு வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் படிப்பித்தேன். அக்கா சொன்னதுபோல் ஒரு வருடத்துக்குத்தான் உதவியது.

இரவில் பரந்தன் பக்கம் ஷெல் சத்தம் கேட்டால் நாங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் போவோம். அக்காவும் போவார். ஆனால் விடிந்ததும் பொட்டுக்குள்ளால் அவருடைய குரல் வரும். "ரீச்சர், முரசுமோட்டைச் சனம் எழும்பி வருகுதாம். வெயில் ஏற முன்னம் போவம், வாங்கோ."

போவேன். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும். நான் ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் பயந்து ஓடிவந்த விடியற்காலைகளில், பையோடு ரோட்டுக்குப் போய் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி நான்.

அக்கா ஏன் இப்படி இறுகிப்போனார் என்று நானாகக் கேட்கவில்லை, ஒரு நாள் அவராகச் சொன்னார். முல்லைத்தீவில் ஆமி முகாம் இல்லாமற்போன பிறகு, ஆறு வருடம் கழித்துத் தன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். கல்வீடு. கணவரும் அவரும் மீன் காசில் கட்டியது. போன அன்றே திரும்பிவிட்டார்.

"கூரை இல்லை. அது ஷெல்லிலை போயிருக்கும், விடுங்கோ. கதவு இல்லை, யன்னல் இல்லை. நிலையைக்கூடச் சுவரோடை கிண்டி எடுத்திருக்கினம். நிலை இருந்த ஓட்டைதான் கிடக்கு. ஆரோ வித்திருக்கினம், ஆரோ நல்ல விலைக்கு வாங்கியிருக்கினம். வாங்கினவை என்ரை முகத்தைப் பாத்தோ வாங்கினவை?"

கிடுகு பின்னியபடியேதான் இதைச் சொன்னார். ஓலை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு காலைப்பொழுது சந்திக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கதவும் யன்னலும் ஓடும் வந்தன. கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். எங்கிருந்து என்று அவர்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சண்டை நடக்கிற எல்லையோரத்தில் சனம் பூட்டிவிட்டு வந்த வீடுகள் எத்தனையோ கிடந்தன. எல்லோருக்கும் தெரியும்.

அக்கா ஒரு யன்னலுக்கு விலை கேட்டார். கூட என்றார். ஓட்டைத் தட்டிப் பார்த்தார். போகத் திரும்பியவர் ஒரு முதிரை மரக் கதவைக் காலால் காட்டினார். கீழ்ப்பலகையில் மாடு குத்திய வடு ஒன்று. பித்தளைப் பூட்டு. அதைத் திறக்கிற திறப்பு இல்லை.

"திறப்பில்லாத பூட்டு இருந்தென்ன, இல்லாமல் என்ன. வடுவும் கிடக்கு," என்று சொல்லிச் சொல்லி அரை விலைக்குக் கொண்டுவந்தார். தூக்கிக்கொண்டு வரும்போது, அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. "முதிரை, ரீச்சர்! எனக்குப் பிறகும் அம்பது வருசம் கிடக்கும்."

தறப்பாளும் கிடுகும் போட்ட கொட்டிலுக்கு முதிரைக் கதவு என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். இரண்டு பாலைக் கட்டைகளை நட்டு அதில் பூட்டினார். பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் எண்ணெய் விட்டார். அவருக்கு அது விளையாட்டில்லை. "மூண்டு குமரை வைச்சுக்கொண்டு சாக்குப் படங்குக்குள்ளை எப்பிடிப் படுக்கிறது? ஒரு கதவெண்டால் தட்டிப்போட்டுத்தானே உள்ளுக்கை வரவேணும்," என்றார். பூட்ட முடியாததால், படுக்கும்போது உள்ளே கயிற்றால் கட்டுவார்.

நான்கைந்து மாதம் கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் அவருடைய முற்றத்தில் ஓலை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிடுகு வாங்க ஒருவர் வந்தார். அறுபது வயதளவில், நிறையத் தோட்டம் வயல் செய்த கை. விசுவமடுவில் சொந்தக்காரர் காணியில் இருப்பதாகவும் கொட்டிலுக்குக் கூரை மேயக் கிடுகு வேண்டுமென்றும் சொன்னார். தண்ணீர் கேட்டார். நான் செம்பில் வார்த்துக் கொடுத்தேன். செம்பை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கதவைத்தான் பார்த்தார்.

"உது எங்கை வாங்கினது பிள்ளை?"

"சந்தியிலை," என்றார் அக்கா.

அவர் செம்பை நிலத்தில் வைத்துவிட்டுக் கதவடிக்குப் போனார். குனிந்து, மாடு குத்திய இடத்தில் கையை வைத்தார். "எங்கடை சிவலை குத்தினது. வண்டிலிலை கட்டேக்கை வெருண்டு வந்து குத்தினது," என்றார். "முரசுமோட்டையிலை என்ரை வீட்டுக் கதவு, இது."

அக்காவின் கையில் பின்னல் நின்றிருந்தது.

அவர் சாரத்து மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னத் துணி முடிச்சு. அதற்குள் ஒரு திறப்பு.

"ஒருக்காப் போட்டுப் பாக்கட்டே?"

அக்கா தலையாட்டினார். திறப்பு உள்ளே போனது. பூட்டினார். திறந்தார். திரும்பவும் பூட்டித் திறந்தார். எண்ணெய் விட்டு வைத்திருந்ததால் பூட்டு இலேசாகத் திரும்பியது. அவர் கதவைத் தா என்று கேட்கப் போகிறார், அல்லது கத்தப் போகிறார் என்று நினைத்து நான் எழும்பி நின்றேன். அவரோ, "நல்லா வைச்சிருக்கிறியள்," என்றார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"ஐயா, அந்தத் திறப்பை என்ன விலைக்குத் தருவியள்?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. கேட்ட குரலில் இளக்காரம் இல்லை. சந்தியில் கேட்கிற அதே குரல். அவர் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். அக்கா திறப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை இனித் திறப்பு? வீடு திறந்துதானே கிடக்குது."

அவர் திறப்பைப் பின்னி அடுக்கிய கிடுகுகளின்மேல் வைத்தார். துணியை மட்டும் திரும்ப மடியில் செருகிக்கொண்டார். கிடுகும் வாங்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

பிறகு அக்கா சொன்னார்: "நான் களவெடுக்கேல்லை ரீச்சர். காசு குடுத்து வாங்கினனான்."

"ஓம் அக்கா," என்றேன். என் குசினி அடுப்படியில் கிடந்த பாதிச் சாமானும் அப்படி வந்ததுதான்.

அன்றைக்குப் பொழுதுபட்டதும் அந்தக் கொட்டில் முதன்முறையாகப் பூட்டப்பட்டது. அதன்பின் தினமும். ஊரில் அப்போது வேறு பயம் வந்திருந்தது. வயது வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா மூத்தவளை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார். நடுவிலாளுக்குப் பதினாறு. வாய்க்காரி. "ஆற்றையோ சட்டை, ஆற்றையோ பாய், ஆற்றையோ கதவு. எங்கடை எண்டு இந்த வீட்டிலை என்னம்மா கிடக்கு?" என்று அவள் கத்துவது வேலியைத் தாண்டிக் கேட்கும். அக்கா பொழுதுபட்டதும் பூட்டி, திறப்பைத் தன் கழுத்துச் செபமாலையோடு கோத்துப் போட்டுக்கொண்டு படுப்பார்.

நடுவிலாள் போனது காலை பத்து மணிக்கு. கிணற்றடிக்கு வாளியோடு போனாள். வாளி கிணற்றுக்கட்டில் இருந்தது. அக்கா மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து, பிள்ளைகளுக்கு முன்னாலேயே என் கையைப் பிடித்தார். "இஞ்சை வந்தவளே ரீச்சர்? என்ரை நடுவிலாள் இஞ்சை வந்தவளே?" முதல் வரிசையில் இருந்த கடைக்குட்டி அழத் தொடங்கினாள்.

ஒரு கிழமையாகப் பெண்கள் வந்து போனார்கள். அதில் ஒருத்தி, ஆறுதல் என்று நினைத்தோ என்னவோ, "நீங்கள் கதவு பூட்டித்தானே அக்கா வைச்சிருந்தனீங்கள்?" என்றாள்.

"பகலிலை பூட்டேலாதே, பிள்ளை," என்றார் அக்கா.

பிறகு இரவிலும் பூட்டவில்லை. நடுவிலாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாயிரத்தொன்றில் நாங்கள் வவுனியாவுக்கு வந்துவிட்டோம். அதுவரைக்கும் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பின்னர் என்ன ஆனது, அக்கா எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருவதற்கு முந்தின வருடம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சண்டை எல்லை விலகி, முரசுமோட்டைப் பக்கம் சனம் திரும்பவும் போய் இருக்கத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் பொட்டால் அக்கா வந்தார். "ஒருக்கா என்னோடை வாறியளே ரீச்சர்? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

வாசலில் மாட்டு வண்டில் நின்றது. அதில் கதவு கிடந்தது. அவருடைய கொட்டில் வாசலில் சாக்குத் தொங்கியது.

கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பத்துக் கிலோமீற்றர் தூரம் போனோம். வழி நெடுக அக்கா ஒரே ஒரு கதைதான் கதைத்தார். "அந்த மனிசன் ஏசிப் பேசியிருந்தால் காரியமில்லை. பேசேல்லைப் பாத்தியளே."

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். ஓடு இல்லை, மேலே படங்கு கட்டியிருந்தது. நிலை மட்டும் சுவரில் நின்றது. அதில் ஒரு பழைய சேலை தொங்கியது. சேலையை விலக்கிக்கொண்டு வந்தவர் இளம் தாய், இடுப்பில் குழந்தை. யாழ்ப்பாணப் பக்கம் அந்த வருடச் சண்டையில் எழும்பி வந்தவர்களாம். வீட்டுக்கார ஐயா உயிரோடு இல்லை என்றார். விசுவமடுவில் மலேரியாவில் போய்விட்டாராம். பிள்ளைகள் வவுனியாவுக்குத் தாண்டிவிட்டார்கள், ஆளில்லாத வீடு, அதனால் இருக்கிறோம் என்று, ஏதோ குற்றம் செய்தவர்போலச் சொன்னார்.

அக்கா வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்தத் தாய் வண்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "கதவு விக்கவே கொண்டு திரியிறியள்? என்ன விலை சொல்லுறியள்?"

நான் அக்காவுக்கு முன்னால் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அமத்தினார். பிறகு ஒரு விலை சொன்னார்.

"பழசுதானே அக்கா. கீழை வடுவும் கிடக்கு," என்று அந்தத் தாய் பாதி கேட்டார்.

"சரி," என்றார் அக்கா.

என் நினைவில் அவர் முதல் கேள்விக்கே இறங்கியது அந்த ஒரு தடவைதான். வண்டில்காரரும் அந்தப் பெண்ணின் புருசனும் சேர்ந்து கதவைத் தூக்கி நிலையில் வைத்தார்கள். பிணைச்சல் பழைய ஆணித் துளைகளில் போய் இருந்தது. "அளவெடுத்துச் செய்த மாதிரியெல்லே கிடக்கு!" என்று அந்தத் தாய் ஆச்சரியப்பட்டார். குழந்தை கதவைக் கையால் அடித்தது. அக்கா கழுத்தில் கையை வைத்துச் செபமாலையிலிருந்து திறப்பைக் கழற்றினார்.

"திறப்பும் கிடக்கு."

"அதுக்கு வேறை காசோ?"

"இல்லை. அது எனக்குச் சும்மா வந்தது."

திரும்பி வரும்போது வண்டில் வெறுமையாகக் குலுங்கியது. பாதி வழி வரைக்கும் பொறுத்துவிட்டுக் கேட்டேன். "ஏன் அக்கா காசு வாங்கினனீங்கள்? சும்மா குடுக்கத்தானே கொண்டு போனனீங்கள்?"

"சும்மா குடுத்தால் ஏனெண்டு கேப்பினம் ரீச்சர். பிறகு எல்லாத்தையும் சொல்லவேணும். விலை சொன்னால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

தர்மபுரம் சந்திக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மரங்களின் கீழே புதிதாகச் சனம் வந்து குந்தியிருந்தது. நிறையச் சாக்குகள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள், பிரிக்காத மூட்டைகள், கால் ஒடிந்த தையல் மெசின் ஒன்று. அக்கா வண்டிலை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சேலையை உதறிச் செருகிக்கொண்டார்.

"கொஞ்சம் பாத்திட்டுப் போவமே?"

"நான் பை கொண்டுவரேல்லை அக்கா," என்றேன்.

அவர் இடுப்பிலிருந்து மடித்த பையொன்றை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.